பனியில் கரைந்த நிறபேதம்

மிசிசிப்பி மாநிலத்தில், 1926இல், ஏழைக் குடியிலே பிறந்தார் ஜெஸ்ஸி பிரவுன். பருத்திக் காட்டிலே பாடுபட்டார். ரயில் பெட்டிகளில் இரவிலே சுமை ஏற்றிக் கல்லூரியிலே படித்தார். ஏளனம் பொறுத்தார், 1948இல் அமெரிக்கக் கடற்படையின் விமானப் பயிற்சியை முடித்த முதல் கறுப்பரானார்!

1950 டிசம்பர் 4. கொரியப் போர். சோசின் நீர்த்தேக்கத்தருகே, முற்றுகையிலே சிக்கிய படையினருக்குத் துணையாகப் பறந்தவரின் விமானம் பனிமலையிலே வீழ்ந்தது, கால் சிக்கிக்கொண்டது. வெள்ளைத் தோழர் ஹட்னர், தம் விமானத்தையே அங்கே மோதி இறக்கி, பனியை அள்ளி நெருப்பின்மீது போட்டார். பிரவுனை மீட்க முடியவில்லை. 24 வயதிலே மறைந்தார் அந்த வீரர்.

நிறம் எங்கே போயிற்று, தோழர்களே, அந்தப் பனிமலையிலே? 1973இல் அவர் பெயரிலே போர்க்கப்பல் ஓடிற்று. மகிழ்கிறோம். ஆனால், மாண்டபின் கப்பல் தந்த நாடு, வாழ்ந்தபோதே சமத்துவம் தந்திருக்க வேண்டாமா என்று கேட்கிறோம் நாம்!