ஜெனரேட்டருக்குப் பின்னால் ஒரு மனிதர்

போன மாதம் பி பிளாக் ஜெனரேட்டர் கரும்புகை கக்கியது எல்லோருக்கும் நினைவிருக்கும். பார்க்க வந்த மெக்கானிக், பம்ப் டைமிங் பின்தங்கிவிட்டது என்றார். அது என்னவென்று தேடப்போய், ருடால்ஃப் டீசலின் கதையில் போய் நின்றேன்.

1858-ல் பாரிஸில் பிறந்தவர், பெற்றோர் ஜெர்மானியர்கள். 1870-ல் போர் மூண்டதும் குடும்பம் லண்டனுக்குப் போனது. 12 வயதுப் பையன் மட்டும் படிப்புக்காக ஆக்ஸ்பர்க் உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டான். பிறகு மியூனிக்கில், குளிர்பதன இயந்திர மேதை லிண்டேயிடம் படித்தார்.

நீராவி எஞ்சினில் பெரும்பாலான வெப்பம் வீணாவது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்ப் சூடாகுமே, அதே சங்கதிதான். காற்றை மிகக் கடுமையாக அழுத்தினால், அதில் விழும் எரிபொருள் தீப்பொறி இல்லாமலே பற்றும். 1893 ஆகஸ்ட் 10 அன்று முதல் சோதனையில் அழுத்தமானி வெடித்துச் சிதறியது; ஆள் தப்பியது அதிர்ஷ்டம். 1894 பிப்ரவரியில் எஞ்சின் தானாக ஓடியது, ஒரே ஒரு நிமிடம்! 1897-ல்தான் முழு வெற்றி: எரிபொருளின் வெப்பத்தில் 26 சதவீதம் வேலையாக மாறியது.

படாதபாடு படுத்தியது எரிபொருளை உள்ளே செலுத்துவதுதான். பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்பு அது விழ வேண்டும், ஏனென்றால் பற்றிக்கொள்ள ஒரு கண நேரம் பிடிக்கும். ரொம்ப முன்னதாக விழுந்தால், காற்று இன்னும் போதிய சூடாகியிருக்காது. எரிபொருள் சேர்ந்துகொண்டு மொத்தமாகப் பற்றும், மேலேறும் பிஸ்டனையே எதிர்த்து அடிக்கும். டக்டக் என்ற சத்தம் அதுதான். தாமதமானால் பிஸ்டன் இறங்கத் தொடங்கிவிடும். எரிந்து முடிக்க நேரம் போதாது. கரும்புகை வரும், டீசல் செலவும் ஏறும். நமக்கு நடந்தது இதுதான்! டீசல் காலத்தில் அழுத்திய காற்றால் எரிபொருளை ஊதி உள்ளே தள்ளினார்கள். அதற்குத் தனியாக ஒரு கம்ப்ரசர், பெரிய சுமை.

பெயரும் பணமும் வந்தன. பணம் தங்கவில்லை, கடனில் மூழ்கினார். 1913 செப்டம்பர் 29 இரவு, ஆன்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்து சென்ற டிரெஸ்டன் கப்பலில் சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போனவரை, காலையில் காணவில்லை. சில நாட்கள் கழித்துக் கடலில் கிடைத்த ஒரு உடலின் பொருட்களை மகன் அடையாளம் காட்டினார். தற்கொலையா, விபத்தா என்பது இன்றுவரை தீரவில்லை.

கம்ப்ரசரின் சுமையைப் போக்கிய பம்பை ராபர்ட் போஷின் நிறுவனம் தொடர்ந்து தயாரிக்கத் தொடங்கியது 1927-ல், டீசல் மறைந்து 14 ஆண்டுகள் கழித்து. நம் மெக்கானிக் சரிசெய்துவிட்டுப் போனது அந்தப் பம்பின் வாரிசைத்தான்.