பல்லைப் பிடுங்க மறுத்த டாக்டர்

குழந்தைக்குப் பால் பல் விழுகிறது. புதுப் பல் முளைக்கிறது. அது கோணலாக வந்துவிட்டால் பெற்றோருக்குக் கவலை வந்துவிடும். ஒரு காலத்தில், இடம் போதவில்லை என்றால் ஒரு பல்லைப் பிடுங்கிவிடுவது பல டாக்டர்களின் வழக்கம்.

ஒரு பல்லைக்கூடப் பிடுங்கக் கூடாது என்று வாதாடினார் ஒருவர். அவர் பெயர் எட்வர்ட் ஆங்கிள். பல்லில் கம்பி கட்டும் வைத்தியத்தை ஒரு தனித் துறையாக வளர்த்தவர் அவர்.

ஆடு வளர்த்த டாக்டர்

ஆங்கிள் 1855-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். வயல் வேலையில் அவருக்கு நாட்டம் இல்லை. கருவிகளைக் கையில் எடுத்தால்தான் உற்சாகம். பல் வைத்தியம் படித்து 1878-ல் பட்டம் பெற்றார்.

நெஞ்சு நோய் அவரை வாட்டியது. நல்ல காற்றைத் தேடி மான்டானா மாநிலத்துக்குப் போனார். அங்கே ஆட்டுப் பண்ணை வைத்தார். கடும் பனிப்புயலில் ஆடுகள் மாண்டன. போட்ட பணமும் போயிற்று. வேறு வழியின்றிப் பழைய தொழிலுக்கே திரும்பினார்.

அந்தப் புயல் வீசாதிருந்தால் அவர் ஆட்டுப் பண்ணைக்காரராகவே காலம் கழித்திருக்கக் கூடும்!

மூன்று வகை

கோணல் பல்லில் எத்தனையோ விதம் உண்டு. ஒரு டாக்டர் சொல்வது இன்னொருவருக்குப் புரியாது. 1899-ல் ஆங்கிள் இதற்கு ஒரு வழி கண்டார். ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப் பல்லை அடையாளமாகக் கொண்டார். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் அங்கே சரியாகப் பொருந்தி, மற்ற பற்கள் மட்டும் கோணலாக இருந்தால் முதல் வகை. கீழ்ப் பல் பின்தங்கி இருந்தால் இரண்டாம் வகை. முன்னே தள்ளி இருந்தால் மூன்றாம் வகை. இன்றும் டாக்டர்கள் இப்படித்தான் பிரிக்கிறார்கள்.

1900-ல் செயின்ட் லூயி நகரில் இதற்கென்றே ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்.

பல் எப்படி நகர்கிறது?

பல் எலும்பில் பதிந்திருக்கிறது. அதை மெதுவாக, விடாமல் தள்ளினால், தள்ளும் பக்கத்து எலும்பு கரைந்து வழிவிடும். மறுபக்கத்தில் புது எலும்பு வளரும். அவசரப்பட்டால் கேடுதான்.

ஆங்கிள் முதலில் செய்தது வில் போன்ற தடித்த கம்பி. பற்களை அதோடு மெல்லிய கம்பியால் கட்டினார். பல்லின் தலை நகர்ந்தது, வேர் நகரவில்லை. பல் சாய்ந்து நின்றது. அவருக்குத் திருப்தி இல்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் புதுக் கருவிகள் செய்து பார்த்தார்.

70 வயதைத் தாண்டிய பிறகு வெற்றி கிட்டியது. ஒவ்வொரு பல்லிலும் ஒரு சிறு உலோகத் துண்டு. அதன் முகத்தில் ஒரு காடி. அந்தக் காடியில் உருண்டைக் கம்பிக்குப் பதில் நான்கு பட்டைக் கம்பி. கம்பி காடிக்குள் உருளாது. அதனால் பல்லின் வேரையும் வேண்டிய பக்கம் திருப்ப முடிந்தது. 1928-ல் இதை வெளியிட்டார். 1930-ல் காலமானார்.

சீடரின் துணிச்சல்

ஆங்கிளின் சீடர் சார்லஸ் ட்வீட். குருவின் சொல்லைத் தட்டாமல், பல் பிடுங்காமலே வைத்தியம் செய்து வந்தார். ஆனால் சிலருக்கு வாய் முன்னே துருத்தியது. சிலருக்குப் பல் மீண்டும் கோணியது.

ட்வீட் மனம் கலங்கினார். அப்படிப்பட்டவர்களைத் திரும்ப அழைத்தார். நான்கு பற்களை எடுத்துவிட்டு, குருவின் கருவியாலேயே மீண்டும் சரிசெய்தார். 1940-ல் தம் முடிவுகளை மற்ற டாக்டர்களுக்குக் காட்டினார். குருவின் அபிமானிகளுக்குக் கோபம். ஆனாலும் உண்மை நின்றது.

இன்று பல் எடுக்க வேண்டுமா, வேண்டாமா என்பதை ஒவ்வொருவர் வாயையும் முகத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஆங்கிளின் பிடிவாதம் போய்விட்டது. ஆனால், கம்பி கட்டிய பிள்ளை சிரிக்கும்போது பாருங்கள். பல்லுக்குப் பல் ஒரு சிறு துண்டு, அதில் ஒரு காடி. அது ஆங்கிள் தந்தது!