காரியதரிசி ஜான்ஸன்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 36-ஆம் ஜனாதிபதியாக 1963 முதல் 1969 வரை வீற்றிருந்த லிண்டன் ஜான்ஸன் என்பார் பெயரை நம் சங்கத்து அன்பர் பலரும் கேட்டிருப்பர். வியட்நாம் போரை வளர்த்த பழியும், கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்க 1965-ல் சட்டஞ் செய்த புகழும் ஒருங்கே அவரைச் சார்ந்தன. அவற்றை ஈண்டு ஆராயப் புகுந்தோமல்லோம். அவர் பிறரொருவர் காரியாலயத்திற் கடிதம் எழுதிக் கழித்த மூன்றரை ஆண்டுகளைப் பற்றியே யாம் கூறக் கருதினோம். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் எழுத்துவேலையை நாடுதலின், அவ்வேலையின் உள்ளியல்பை அறிவது அவர்க்கு உதவும்.

ஜான்ஸன் 1908 ஆகஸ்டு 27-ல் டெக்ஸாஸ் மாகாணத்து ஸ்டோன்வால் என்னும் சிற்றூரின் அருகே பிறந்தார். தந்தையார் அம்மாகாணச் சட்டசபை அங்கத்தினர். பின்னர்ப் பருத்தி விலை வீழ்ந்தமையாற் கடன்பட்டு நொந்தவர். சிறுவன் தந்தையாருடன் சபைக்குச் சென்று, அங்கு நிகழ்வனவற்றை விடாது நோக்கியிருப்பான். கல்லூரியிற் பயிலும்போதே பொருளின்மையால் இடையே நின்று, 1928-ல் கொட்டுல்லா என்னும் ஊரில் மெக்ஸிக்க ஏழைக் குழந்தைகட்குப் பாடஞ் சொன்னார். 1930-ல் பட்டம் பெற்றபின் ஹூஸ்டன் நகர உயர்தரப் பாடசாலையிற் சொற்போர் பயிற்றினார். அவர் எம் தொழிலினர் என்பதில் எமக்குச் சிறிது பெருமிதம் உண்டு, அதனை மறைப்பானேன்?

1931 நவம்பரில் ரிச்சர்டு கிளேபர்க் என்பார் இடைத்தேர்தலில் வென்று, வாஷிங்டன் நகரத்துப் பிரதிநிதி சபையில் அங்கத்தினரானார். அவர் பல லட்சம் ஏக்கர் பரந்த கிங் பண்ணைக் குடும்பத்துச் செல்வர். 23 வயதினரான ஜான்ஸனை அவர் காரியதரிசியாக அமர்த்திக்கொண்டார். கிளேபர்க் இனிய இயல்பினர். ஆயினும் கோல்ப், போலோ ஆட்டங்களில் வைத்த மனத்தைக் காரியாலயத்தில் வைத்தாரல்லர். ஆதலின் தபால் மூட்டை முழுதும் இளைஞர் தலைமேல் விழுந்தது.

அஃது உலகெங்கும் பொருள்முடை மிகுந்த காலம். அடகிலுள்ள நிலம் ஏலத்திற் போகுமோ என்று அஞ்சிய உழவரும், முதல் உலகப்போரிற் பணிபுரிந்து உதவித்தொகைக்குக் காத்திருந்த வீரரும், வேலையிழந்தோரும் நாடோறும் எழுதினர். ஒரு கடிதத்திற்கு விடையிறுத்தல் எளிதன்று. எந்த இலாகா, அதில் எந்த அதிகாரி, அவர் மேசையில் அக்கட்டு எங்கே கிடக்கிறது என்பதைத் தொலைபேசியில் துருவிக் கேட்டு, மறுத்தால் மீண்டும் கேட்டு, அதன்பின்னரே எழுதவேண்டும். எழுதிய விடை அங்கத்தினர் பெயரால் ஊருக்குச் செல்லும்.

தொடக்கத்தில் ஜான்ஸனுக்கு இவையொன்றும் தெரியா. அவர் தங்கிய டாட்ஜ் ஹோட்டலின் நிலவறையிற் பிற காரியதரிசிகள் பலர் வதிந்தனர். பொதுக் குளியலறையில் அவரைச் சந்தித்துத் தொழில் நுட்பம் கேட்டறியும்பொருட்டு, ஒரே இரவிற் பன்முறை நீராடினார் என்று சொல்லப்படுகிறது. இஃது உண்மையாயின், மாணாக்கர்க்கு இதனினும் நல்ல கதை யாம் அறியோம்.

ஹூஸ்டனில் தம்மிடம் பயின்ற இருவரை வரவழைத்து உதவிக்கு வைத்துக்கொண்டார். அவ்விளைஞரை இரவு பகலாக வருத்தி வேலை வாங்கினார். இதனை யாம் போற்றுதற்கில்லை. ஆசிரியரிடத்து அன்பினால் வந்தவரை அங்ஙனம் பிழிதல் தகாது.

1933-ல் உழவர்க்கு உதவும் விவசாயச் சீரமைப்புச் சட்டம் சபைக்கு வந்தது. பெருநிலக்கிழாராகிய கிளேபர்க் அதனை விரும்பவில்லை. தொகுதி உழவரோ அது வேண்டுமென்று எழுதிக் குவித்தனர். அக்கடிதங்களைப் படித்தவர் ஜான்ஸன். அவர் தலைவரோடு வாதாடி, அதனை ஆதரித்து வாக்களிக்கச் செய்தார். ஏவலர் தலைவர்க்கு எதிர்நிற்கலாமா என்று சிலர் வினவுவர். ஊரார் குரலைத் தலைவர் செவிக்குச் சேர்ப்பதற்கன்றோ அவ்வேலை ஏற்பட்டது!

அவ்வாண்டே, காரியதரிசிகள் தமக்குள் நடத்திய சிறு காங்கிரஸ் என்னும் அவைக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். 1934-ல் மணம் புரிந்தார். 1935-ல் டெக்ஸாஸ் மாகாணத்து இளைஞர் வேலைத்திட்டத்தின் தலைவராகிக் காரியாலயத்தை விட்டு நீங்கினார்.

1937 ஏப்ரலில் வேறொரு தொகுதியில் இடைத்தேர்தல் நேர்ந்தது. அதில் வென்று, 28-ஆம் வயதில் அதே சபைக்குள் அங்கத்தினராகப் புகுந்தார். கிளேபர்க் 1945 தொடக்கம் வரை அங்கு இருந்தமையின், முன்னைத் தலைவரும் முன்னைக் காரியதரிசியும் ஏறத்தாழ எட்டு ஆண்டு ஒரே அவையில் ஒப்ப அமர்ந்திருந்தனர். ஜான்ஸன் காரியாலயத்தினின்று சென்ற கடிதங்களின் அடியில் இப்போது அவர் பெயரே நின்றது.