யுஸ்டஸ் லீபிக்

உழவர் நிலத்திற்கு எருவிடுதல் பண்டைக் காலந்தொட்டு வரும் வழக்கமே. எனினும், எருவிலுள்ள எப்பொருள் பயிரை வளர்க்கிறது என்னும் வினாவிற்கு நெடுங்காலம் தெளிவான விடை கிடைத்திலது. அவ்விடையைத் தேடியவருள் தலைசிறந்தவர் ஜெர்மானியராகிய லீபிக் என்பார்.

இவர் 1803ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள் டார்ம்ஸ்டாட் நகரில் பிறந்தார். தந்தையார் வர்ணங்களும் மருந்துச் சரக்குகளும் விற்கும் வணிகர். பள்ளியில் இவர் மந்த மாணாக்கர் எனப் பெயர் பெற்றிருந்தார். வருங்காலத்தில் என் செய்யக் கருதுகிறாய் என்று தலைமையாசிரியர் வினவ, இரசாயன அறிஞனாவேன் என்று இவர் விடை பகர, கேட்டோர் அனைவரும் நகைத்தனராம். அதற்கு இவர் மனந்தளர்ந்தாரல்லர். பாரிஸ் நகரில் கே லுஸாக் என்னும் பேரறிஞரிடம் பயின்று, 1824இல், தமது 21ஆம் வயதில், கீஸன் பல்கலைக் கழகத்தில் ஆசிரியரானார். ஆங்கு இவர் நடத்திய ஆய்வுக்கூடத்தை நாடிப் பல நாட்டு மாணவரும் வந்தனர்.

தாவரங்கள் மண்ணிலுள்ள மட்கையே உண்டு வளர்கின்றன என்பது அக்காலத்துப் பலர் கொள்கை. 1840இல் லீபிக் வெளியிட்ட நூல் அதனை மறுத்தது. பயிர் கரியைக் காற்றினின்றும், பொட்டாஷ், சுண்ணாம்பு, பாஸ்பரஸ் முதலிய தாதுச் சத்துக்களை மண்ணினின்றும் பெறுகின்றது என்றார். வேண்டிய சத்துக்களுள் எது மிகக் குறைந்துள்ளதோ அதுவே விளைவின் அளவை வரையறுக்கும். ஏனையவை நிறைந்திருந்தும் பயனில்லை. இக்கருத்தைக் கார்ல் ஸ்பிரெங்கெல் முன்னரே கூறியிருந்தாராயினும், உலகறியப் பரப்பியவர் லீபிக்கே.

1845இல் தம் கொள்கைப்படி செயற்கை எரு ஒன்று செய்வித்தார். மழைநீர் கரைத்துச் சென்றுவிடுமென அஞ்சி, எளிதிற் கரையாதவாறு அதனை அமைத்தார். கரையாத உணவை வேர் எங்ஙனம் உண்ணும்? எரு பயன்படவில்லை. நைட்ரஜனைக் காற்றிலுள்ள அம்மோனியாவே போதிய அளவு தரும் என்று இவர் எண்ணியதும் தவறாயிற்று. இங்கிலாந்தில் ராதம்ஸ்டட் பண்ணையில் லாஸ், கில்பர்ட் என்னும் இருவர் கோதுமை வயலில் நடத்திய சோதனைகள் நைட்ரஜன் எருவின் இன்றியமையாமையைக் காட்டின. அவர்களோடு இவர் பல்லாண்டு வாதிட்டார், எளிதில் இணங்கினாரல்லர்.

ஆயினும், சத்துக்களைப் பற்றிக்கொள்ளும் இயல்பு மண்ணுக்கே உண்டென்று அறிந்தபின், கரையா எரு செய்தது தம் பிழையே என்று 1862இல் தம் நூலின் புதிய பதிப்பில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். படைத்தவனுடைய ஞானத்தைத் திருத்தப் புகுந்தமைக்கு உற்ற தண்டனையே அத்தோல்வி என்று எழுதி வருந்தினார்.

1873ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் மியூனிக் நகரில் இவர் காலமானார். இவர் கண்ட உண்மை வயல்களை வளப்படுத்திற்று. உலகப் புகழ் பெற்ற பின்னரும் தம் பிழையைத் தாமே எடுத்துரைத்த நேர்மையோ, கற்கும் நம்மனோர் உள்ளத்திற்கு உரமாவதாகும்.