முக்கோணங்களால் நாடளந்த லாம்டன்

திருவில்லிபுத்தூருக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில், செண்பகத்தோப்பு என்னும் எழில்மிகு வனம் உள்ளது. காட்டழகரை வழிபடச் செல்வோர் அவ்வழியே நடப்பர். சாம்பல் நிற மலையணில்கள் அங்குள்ள மரக்கிளைகளில் தாவித் திரியும். அங்கு நின்று மேற்கே நோக்கினால், மலைமுடிகள் ஒன்றன்பின் ஒன்றாக உயர்ந்து நிற்பதைக் காணலாம். அம்முடிகளுள் ஒன்று நாம் நிற்கும் இடத்திலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது? இடையே ஓடைகளும் பாறைகளும் முட்புதர்களும் கிடப்பதால், கயிறு பிடித்து அளத்தல் இயலாது. ஆயினும், மலைமேல் ஓரடியும் எடுத்து வையாமலே அத்தொலைவைக் கூறிவிடலாம். அதற்கு வேண்டுவது நீங்கள் கணக்கு வகுப்பில் கற்கும் முக்கோணத்தின் இலக்கணமே ஆகும். அவ்விலக்கணத்தைத் துணையாகக் கொண்டு, குமரிமுனை முதல் நடு இந்தியா வரை நிலத்தை அளந்த அறிஞர் ஒருவர் இருந்தார். அவரே வில்லியம் லாம்டன்.

லாம்டன் இங்கிலாந்து நாட்டில் யார்க்‌ஷயர் பகுதியில் எளிய குடியொன்றில் பிறந்தவர். இளமையிலேயே கணக்கில் அவருக்குப் பெருவிருப்பம் உண்டாயிற்று. 1781-ஆம் ஆண்டில் அவர் 33-ஆம் காலாட்படையில் சேர்ந்தார். அமெரிக்கப் போரில் சிறைப்பட்டு மீண்டார். பின்னர் வட அமெரிக்காவிலேயே பல ஆண்டுகள் பணியாற்றினார். அங்குத் தமக்குக் கிடைத்த ஓய்வு நேரத்தை வீண்போக்காமல், கணக்கு நூல்களையும் நில அளவை பற்றிய நூல்களையும் ஆழ்ந்து கற்றார். கற்றோர் கூட்டமோ, வழிகாட்டும் ஆசிரியரோ அருகில் இல்லாத நிலையிலும் அவருடைய கல்வி தளரவில்லை.

அவர் சேர்ந்திருந்த படை 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவுக்கு வந்தது. 1799-ஆம் ஆண்டில் ஆங்கிலப் படைகள் சீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டன. அப்பொழுது ஓர் இரவில், தளபதி பேர்டு என்பவரின் தலைமையில் ஒரு பிரிவு இருளில் நடந்து சென்றது. உடன் சென்ற லாம்டன் வானத்து விண்மீன்களை நோக்கினார். படை திசை மாறிப் பகைவர் பாசறையை நோக்கிச் செல்வதை உணர்ந்து, அதனைத் தளபதிக்கு அறிவித்தார். விண்மீன்களைக் கேட்டுத்தான் வழி நடக்க வேண்டுமோ என்று தளபதி முதலில் சினந்தார். பின்னர்த் திசைகாட்டும் கருவியைக் கொண்டு பார்த்தபொழுது, லாம்டன் கூறியதே உண்மை என்று தெரிந்தது. கற்ற கல்வி அன்று ஒரு படையைக் காத்தது.

போர் முடிந்ததும், லாம்டன் அரிய திட்டம் ஒன்றை வகுத்துச் சென்னை அரசின்முன் வைத்தார். தென்னாட்டைக் கிழக்குக் கடல்முதல் மேற்குக் கடல்வரை முக்கோணங்களால் பிணைத்து அளக்க வேண்டும் என்பதும், அவ்வளவையைக் கொண்டு நிலவுலகத்தின் உருவத்தையும் ஆராய வேண்டும் என்பதும் அத்திட்டத்தின் நோக்கங்கள் ஆகும். ஆங்கிலேயக் கம்பெனிக்கோ தான் வென்ற நிலத்தின் எல்லையை அறிவதும் வரி தண்டுவதுமே முதன்மையாக இருந்தன. இத்துணைப் பொருட்செலவு எதற்கு என்று அதிகாரிகள் சிலர் வினவினர். சீரங்கப்பட்டணத்துக்குப் போக விரும்புவோன் பல்லக்குத் தூக்குவோரிடம் சொன்னால் போதுமே, அதற்குக் கணக்கு எதற்கு என்று ஒருவர் எள்ளி நகையாடினாராம். எனினும், பிற்காலத்தில் நெப்போலியனை வென்று புகழ்பெற்ற ஆர்தர் வெல்லெஸ்லி அப்பொழுது லாம்டனின் படைத்தலைவராக இருந்து ஆதரவு அளித்தார். திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது.

மாணவர்களே, லாம்டன் கையாண்ட முறையை இங்கே சற்று ஆராய்வோம். செண்பகத்தோப்பை அடுத்த சமநிலத்தில் 1000 அடி நீளமுள்ள ஒரு நேர்க்கோட்டைப் பழுதின்றி அளந்துகொள்வதாகக் கருதுங்கள். இதற்கு அடிக்கோடு என்று பெயர். அதன் ஒரு முனையில் நின்று, எதிரே உள்ள ஒரு குன்றின் உச்சியை நோக்கும்பொழுது, அடிக்கோட்டுக்கும் பார்வைக் கோட்டுக்கும் இடையே 70 பாகை கோணம் அமைகிறது என்க. மற்றொரு முனையிலிருந்து நோக்கும்பொழுது 60 பாகை அமைகிறது என்க. எந்த முக்கோணத்திலும் மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகையே ஆதலால், குன்றின்மேல் அமையும் மூன்றாம் கோணம் 50 பாகை என்பது பெறப்படும். இனி 10 அங்குல நீளமுள்ள கோடு ஒன்றைத் தாளில் வரைந்து, அதன் இரு முனைகளிலும் இக்கோணங்களை அமைத்துப் பாருங்கள். கோடுகள் கூடும் இடமே குன்று. மற்றை இரு பக்கங்களும் ஏறத்தாழ 11.3 அங்குலமும் 12.3 அங்குலமும் இருக்கும். ஆகவே, குன்று ஒரு முனையிலிருந்து ஏறத்தாழ 1130 அடியிலும், மற்றொரு முனையிலிருந்து ஏறத்தாழ 1230 அடியிலும் உள்ளது என்பது தெளிவு.

இம்முக்கோணத்தில் மேலும் இரண்டு இலக்கணங்களைக் காணலாம். மிகப் பெரிய கோணமாகிய 70 பாகைக்கு எதிரே மிக நீண்ட பக்கம் உள்ளது. மிகச் சிறிய கோணமாகிய 50 பாகைக்கு எதிரே மிகக் குறுகிய பக்கம் உள்ளது. எந்த இரண்டு பக்கங்களைக் கூட்டினாலும் அத்தொகை மூன்றாம் பக்கத்தை விஞ்சி நிற்கிறது. மூன்று ஊர்களுக்கு இடையேயுள்ள நேர்த்தொலைவுகள் 3 மைல், 4 மைல், 9 மைல் என்று ஒருவன் கூறுவானாயின், அவ்வூர்களைக் காணாமலே அவன் கூற்றுப் பொய் என்று உரைத்துவிடலாம். இவ்வாறு, முக்கோணம் தன்னுள் நுழையும் பிழையைத் தானே காட்டிக்கொடுக்கும் இயல்புடையது. இவ்வியல்பே லாம்டனுக்கு உற்ற துணையாயிற்று.

அளவைக்கு வேண்டிய கருவிகள் அவரை வந்தடைந்த வரலாறும் சுவையானது. 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி, சீனப் பேரரசருக்குப் பரிசாக அனுப்பப்பெற்று, அவரால் ஏற்றுக்கொள்ளப்படாமல், கைமாறி லாம்டனிடம் வந்தது. கோணம் அளக்கும் தியோடலைட் என்னும் பெருங்கருவி இலண்டனில் செய்யப்பட்டது. ஏறத்தாழ அரை டன் எடையுள்ளது. அதனை ஏற்றி வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றி மொரீசியசுக்குக் கொண்டு சென்றனர். அது அறிவியலுக்கு உரிய கருவி என்று அறிந்ததும், பகைமை பாராட்டாமல் சென்னைக்கு அனுப்பி வைத்தனர்.

1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள், சென்னையை அடுத்த பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு அளக்கும் பணி தொடங்கிற்று. அதன் நீளம் ஏறத்தாழ ஏழரை மைல். 100 அடிச் சங்கிலியை ஏறத்தாழ 400 முறை இட வேண்டியிருந்தது. கோடை வெயிலில் எஃகு நீளும். நீண்ட சங்கிலி தொலைவைக் குறைத்துக் காட்டும். ஆதலின், சங்கிலியை மரப்பெட்டிகளுள் கிடத்தி, முக்காலிகளின்மேல் சமமாக நிறுத்தி, வெப்பமானிகளை வைத்து வெப்பத்தைக் குறித்து, நீட்சியைக் கணக்கிட்டு அளவைத் திருத்தினார். அடிக்கோடு பிழைபட்டால் அதன்மேல் எழும் ஆயிரம் முக்கோணங்களும் பிழைபடும் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். அடித்தளம் கோணினால் கோபுரமும் கோணும் அன்றோ?

ஒரு முக்கோணத்தில் கண்ட பக்கம் அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடாயிற்று. இவ்வாறு முக்கோணங்கள் சங்கிலிபோல் நீண்டன. இரண்டு கோணங்களை அளந்தால் மூன்றாவதைக் கழித்தலாலே அறியலாம் என்று மேலே கண்டோம். அங்ஙனமாயின், மூன்றாம் கோணத்தை அளக்க மலையேறுவது வீண் உழைப்பு என்று சோம்பலுடையார் கருதுவர். லாம்டன் அவ்வாறு கருதவில்லை. இயன்ற இடங்களில் எல்லாம் மூன்று கோணங்களையும் தனித்தனியே அளந்தார். கூட்டுத்தொகை ஒவ்வாவிடின் எங்கோ பிழை நேர்ந்தது என்று அறிந்து மீண்டும் அளந்தார். நிலவுலகம் உருண்டையாதலின், பெரிய முக்கோணங்களின் கோணத்தொகை 180 பாகையைவிடச் சிறிது மிகும். ஏறத்தாழ 75 சதுர மைல் பரப்புள்ள முக்கோணத்தில் மிகுவது ஒரு விகலையே; அதாவது, ஒரு பாகையின் 3600 கூறுகளுள் ஒரு கூறு. அத்துணை நுண்ணிய மிகுதியையும் அவர் கணக்கில் கொண்டார்.

1804-ஆம் ஆண்டில் அவருடைய கணக்குக்குச் சோதனை வந்தது. முக்கோணச் சங்கிலி பெங்களூர் சென்றடைந்ததும், அங்கு ஏறத்தாழ 7 மைல் நீளமுள்ள புதிய அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியிட்டு அளந்தார். பரங்கிமலையிலிருந்து முக்கோணங்களின் வழியே கணக்கிட்டுப் பெற்ற நீளத்தோடு அதனை ஒப்பிட்டார். வேறுபாடு 4 அங்குலத்துக்கும் குறைவாகவே இருந்தது! பின்னர் முக்கோணங்கள் மேற்குக் கடலைத் தொட்டன. சென்னைக்கும் மங்களூருக்கும் இடையே 400 மைல் என்று பழைய படங்கள் காட்டியிருந்தன. உண்மையில் அது ஏறத்தாழ 360 மைலே என்பது வெளிப்பட்டது. கணக்கை எள்ளியவர் வாய் அடங்கிற்று.

சோழநாட்டுச் சமவெளியில் குன்றுகள் இல்லை. ஆதலின் லாம்டன் கோயில் கோபுரங்களின்மேல் கருவியை ஏற்றி அளந்தார். 1808-ஆம் ஆண்டில், 200 அடிக்கு மேல் உயர்ந்த தஞ்சைப் பெருவுடையார் கோயில் விமானத்தின்மேல் தியோடலைட்டை ஏற்ற முயன்றபொழுது, கயிறு அறுந்தது. பெருங்கருவி சுவரில் மோதிற்று. கோணம் காட்டும் வட்டம் வளைந்து உருக்குலைந்தது. அதுபோன்ற கருவி இந்தியாவில் வேறு இல்லை. புதியது வருவதாயின் இங்கிலாந்திலிருந்தே வர வேண்டும். ஆறு ஆண்டுகளின் உழைப்பு ஒரு நொடியில் நின்றுவிடும் போல் இருந்தது. பிறராயின் மனம் உடைந்திருப்பர். லாம்டனோ எவரையும் பழித்துப் பேசிக் காலம் கழிக்கவில்லை. கருவியைக் கழற்றிக்கொண்டு கூடாரத்துள் அமர்ந்தார். ஆப்புகளாலும் திருகுகளாலும் வட்டத்தைச் சிறிது சிறிதாக இழுத்து, ஆறு வாரங்களில் அதனை மீண்டும் வட்டமாக்கினார்.

செப்பம் செய்யப்பெற்ற அக்கருவியுடன் அவர் தெற்கே வந்தார். 1809-ஆம் ஆண்டில் பாளையங்கோட்டைக்கு அருகே ஓர் அடிக்கோடு அளந்தார். அவருடைய முக்கோணங்கள் குமரிமுனையை எட்டின. அம்முக்கோணங்கள் 78-ஆம் தீர்க்கரேகையை ஒட்டி அமைந்தவை. திருவில்லிபுத்தூரும் செண்பகத்தோப்பும் அத்தீர்க்கரேகைக்கு அண்மையில் உள்ளன. தெற்கு வடக்காக நீண்ட அவ்வளவை, நிலவுலகம் துருவங்களில் சிறிது தட்டையானது என்னும் கொள்கைக்கு வலிமை சேர்த்தது. 1818-ஆம் ஆண்டு முதல் அப்பணி இந்தியப் பெருமுக்கோண அளவை எனப் பெயர் பெற்றது.

இப்பணி லாம்டன் ஒருவரால் மட்டும் நிறைவேறியது அன்று. கருவிகளைத் தோளில் சுமந்து மலையேறியவர், கொடி பிடித்து நின்றவர், காட்டை வெட்டி வழி செய்தவர் ஆகிய நம் நாட்டு உழைப்பாளர் பலர். அவர்தம் பெயர்களை ஏடுகள் காக்கவில்லை. அவ்வளவை அயலார் ஆட்சிக்கு வலிமை தந்தது என்பதும் மறுக்கவொண்ணாத உண்மை. எனினும், பழுதற அளக்கப்பட்ட அளவு ஆட்சியோடு அழிவதில்லை.

லாம்டன் முதுமையிலும் ஓயவில்லை. எழுபதை ஒட்டிய வயதில், ஐதராபாத்திலிருந்து நாகபுரியை நோக்கிச் செல்லும் வழியில் நோயுற்று, 1823-ஆம் ஆண்டு ஜனவரி 20-ஆம் நாள் இங்கன்காட் என்னும் ஊரில் உயிர்நீத்தார். இன்றைய மகாராட்டிர மாநிலத்தில் உள்ள அவ்வூரிலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார். அதுவரை அவர் அளந்த நிலம் 1,65,000 சதுர மைலுக்கு மேற்பட்டது. அவருக்கு உதவியாளராக இருந்த ஜார்ஜ் எவரெஸ்ட் முக்கோணங்களை இமயமலை அடிவாரம் வரை கொண்டு சென்றார். பின்னர், வங்கநாட்டுக் கணித அறிஞர் இராதாநாத சிக்தார் செய்த கணக்கினால், உலகில் மிக உயர்ந்த சிகரம் எது என்பது தெரியவந்தது. அதன் உயரம் 29,002 அடி என 1856-இல் அறிவிக்கப்பட்டது. 2020-ஆம் ஆண்டில் புதிய கருவிகளால் கண்ட உயரம் 8848.86 மீட்டர், அதாவது ஏறத்தாழ 29,032 அடி. சிகரத்தின்மேல் காலடி வையாமல் கண்ட அளவு, உண்மைக்கு எத்துணை அருகில் நின்றது, காணுங்கள்!

முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து 180 பாகை என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். அறிந்ததோடு நிற்பவர் பலர். அதனைத் தம் வேலையைத் தாமே சோதிக்கும் உரைகல்லாகக் கொள்பவர் சிலரே. லாம்டன் அச்சிலருள் ஒருவர். கணக்கின் விடையைக் கண்டதும் ஏட்டை மூடிவிடாமல், அது சரிதானா என்று மற்றொரு வழியால் ஆராய்ந்து பார்க்கும் மாணவன் அவர் சென்ற நெறியில் செல்பவன் ஆவான்.