சர் ஹம்ஃப்ரி டேவி – ஒரு விளக்கும் அதன் பிறகும்

 

மலருக்குக் கட்டுரை கேட்டதும், படித்த காலத்துக் கலாட்டாக்களை எழுதலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். அதை எழுத என்னைவிடத் திறமைசாலிகள் நம்ம கல்லூரியில் நிறையப் பேர் உண்டு. ஆகவே நாம் எல்லோரும் பிளஸ் டூ வேதியியலிலேயே பெயரளவில் கேள்விப்பட்டு, அப்படியே விட்டுவிட்ட ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். சோடியம், பொட்டாசியம் என்றால் நினைவுக்கு வரும் அதே ஹம்ஃப்ரி டேவிதான்.

டேவி 1778-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் தேதி, இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள பென்சான்ஸ் என்ற ஊரில் பிறந்தார். தந்தை மரச்சிற்ப வேலை செய்பவர். அவர் காலமான பிறகு வீட்டில் கஷ்டம். பதினாறு வயதில் டேவி ஒரு மருத்துவரிடம் மருந்து கலக்கும் வேலைக்குப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். பல்கலைக்கழகப் படிப்பு என்பதே கிடையாது. கிடைத்த புத்தகத்தைப் படித்து, கிடைத்த பாத்திரத்தில் சோதனை செய்து தானே கற்றுக்கொண்ட ஆள்.

1798-இல் பிரிஸ்டல் நகரில், வாயுக்களைக் கொண்டு நோய் தீர்க்க முடியுமா என்று ஆராயும் நிலையத்தில் வேலை கிடைத்தது. அங்கே நைட்ரஸ் ஆக்சைடு, அதாவது சிரிப்பு வாயுவைத் தானே சுவாசித்துப் பார்த்தார். இன்னொரு வாயுவைச் சுவாசித்து உயிர் போகும் நிலைக்கே போய்த் திரும்பினார்! 1800-இல் வெளியான புத்தகத்தில், சிரிப்பு வாயு வலியைக் குறைப்பதால் அறுவை சிகிச்சைக்குப் பயன்படலாம் என்று குறிப்பிட்டிருந்தார். ஆனால் அவரும் அதைத் தொடரவில்லை, மருத்துவர்களும் கண்டுகொள்ளவில்லை. 1844-இல் அமெரிக்காவில் ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் கையில் எடுக்கும் வரை, நாற்பத்து நாலு வருடம் அந்த வரி புத்தகத்திலேயே தூங்கியது. அத்தனை வருடமும் நோயாளிகளை நாலு பேர் பிடித்துக்கொள்ள, கத்தி வைத்துக்கொண்டிருந்தார்கள். கண்டுபிடித்ததோடு கடமை முடிந்துவிடுமா என்ற கேள்வி, அவர் வாழ்க்கையின் ஆரம்பத்திலேயே வந்துவிட்டது.

1801-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனுக்குப் போனார். அவருடைய சொற்பொழிவு என்றால் கூட்டம் அலைமோதும். 1807-இல் மின்சாரத்தைச் செலுத்தி பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தார். மறு வருடமே கால்சியம், மெக்னீசியம், பேரியம், ஸ்ட்ரான்ஷியம் வந்தன. 1812-இல் சர் பட்டம். 1813-இல் புத்தகம் பைண்டிங் செய்யும் ஒரு பையனை உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். அந்தப் பையன் பெயர் மைக்கேல் ஃபாரடே.

சுரங்கத்தில் எரிந்த தீ

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 1812 மே 25-ஆம் தேதி, வட இங்கிலாந்தில் ஃபெல்லிங் என்ற நிலக்கரிச் சுரங்கத்தில் வெடிவிபத்து. 92 பேர் இறந்தார்கள். பலர் சிறுவர்கள். நிலக்கரிப் படுகையிலிருந்து கசியும் மீத்தேன் வாயு காற்றோடு கலந்து நிற்கும். தொழிலாளியின் கையில் இருப்பதோ திறந்த சுடர் உள்ள மெழுகுவர்த்தி. வேறு என்ன நடக்கும்? சுடருக்குப் பயந்து எஃகுச் சக்கரத்தைச் சிக்கிமுக்கிக் கல்லில் உரசி, அந்தப் பொறியின் வெளிச்சத்தில் வேலை பார்த்த இடங்களும் உண்டு. அந்தப் பொறியும் எப்போதும் பத்திரம் இல்லை.

அந்த ஊர்ப் பாதிரியார் ஜான் ஹாட்ஜ்சன் விபத்தின் முழு விவரத்தையும் எழுதி அச்சிட்டார். விபத்துகளைத் தடுக்க வழி தேட 1813-இல் சண்டர்லாண்டில் ஒரு சங்கம் அமைந்தது. அந்தச் சங்கத்தார் டேவியைக் கேட்டுக்கொண்டார்கள்.

1815 ஆகஸ்டில் டேவி நேரே நியூகாசில் பக்கம் போனார். சுரங்கப் பொறியாளர் ஜான் பட்லைச் சந்தித்து விஷயத்தைக் கேட்டறிந்தார். சுரங்க வாயுவைப் பாட்டில்களில் அடைத்து லண்டனுக்கு வரவழைத்தார். ஃபாரடேயின் உதவியோடு சோதனைகள் ஆரம்பமாயின. நவம்பர் 9-ஆம் தேதி ராயல் சொசைட்டியில் முதல் கட்டுரை. 1816 ஜனவரியில் ஹெப்பர்ன் சுரங்கத்துக்குள் விளக்கு இறங்கிவிட்டது. மொத்தம் ஐந்தே மாதம்!

தத்துவம் ரொம்ப எளிமை. சுடரைச் சுற்றி நெருக்கமான கம்பி வலை, சதுர அங்குலத்துக்கு 784 துளை. காற்றும் வாயுவும் உள்ளே போகும். உள்ளே வாயு எரிந்தாலும், வெப்பத்தைக் கம்பி வலை உறிஞ்சிப் பரப்பிவிடும். ஆகவே வெளியே இருக்கும் வாயு தீப்பிடிக்கும் அளவுக்குச் சூடாகாது. இன்னொரு லாபமும் உண்டு. மீத்தேன் இருந்தால் சுடரின் தலையில் நீலத் தொப்பி மாதிரி ஒன்று தெரியும். வெளிச்சம் காட்டும் கருவியே ஆபத்தையும் காட்டிக்கொடுத்தது. மின்விளக்கு வந்த பிறகும், வாயு சோதிக்கும் கருவியாக இந்த வகை விளக்கு சுரங்கங்களில் நெடுங்காலம் நிலைத்தது அதனால்தான்.

காப்புரிமை வாங்கினால் வருடத்துக்கு ஆயிரக்கணக்கான பவுன் கிடைக்கும் என்று பட்லே எடுத்துச் சொல்லிப் பார்த்தார். டேவி மறுத்துவிட்டார். யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். நன்றிக்கு அடையாளமாகச் சுரங்க முதலாளிகள் 1817-இல் வெள்ளிப் பாத்திரங்கள் பரிசளித்தார்கள்.

இதே நேரத்தில் கில்லிங்வொர்த் சுரங்கத்து எஞ்சின் மெக்கானிக் ஒருவர் தன் சொந்த முயற்சியில் இன்னொரு விளக்கு செய்து, 1815 அக்டோபரிலேயே சுரங்கத்தில் சோதித்திருந்தார். அவர்தான் பின்னால் ரயில் எஞ்சினுக்குப் பேர்போன ஜார்ஜ் ஸ்டீபன்சன். படிக்காத மெக்கானிக்குக்கு இது எப்படித் தோன்றியிருக்கும் என்று டேவி நம்ப மறுத்தார், திருட்டுப் பட்டமே கட்டினார். தானும் கல்லூரி வாசலை மிதிக்காதவர் என்பது அந்த நேரத்தில் மறந்துபோயிற்று போலும்! 1824-இல் ஃபாரடே ராயல் சொசைட்டி உறுப்பினராவதையும் எதிர்த்தார். பெரிய மனிதர்களிடமும் இப்படிச் சில ஓட்டைகள் இருக்கத்தான் செய்கின்றன.

கணக்கு சொன்ன கதை

இத்துடன் சுபம் போட்டிருந்தால் இந்தக் கட்டுரையே தேவையில்லை. 1835-இல் சுரங்க விபத்துகள் பற்றி விசாரித்த பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவுக்குக் கிடைத்த கணக்கு இது. டர்ஹாம், நார்தம்பர்லாண்ட் மாவட்டங்களில், விளக்கு வருவதற்கு முந்தைய 18 ஆண்டுகளில் இறந்தவர்கள் 447 பேர். விளக்கு வந்த பிந்தைய 18 ஆண்டுகளில் இறந்தவர்கள் 538 பேர்.

உயிர் காக்க வந்த விளக்குக்குப் பிறகு சாவு கூடியிருக்கிறது! நிலக்கரி உற்பத்தி பெருகி, வேலையாட்களும் அதிகமானார்கள் என்பது உண்மை. ஆனால் அது மட்டும் காரணமில்லை. வாயு அதிகம் என்று முன்பு கைவிட்ட பகுதிகளையெல்லாம், அதான் விளக்கு இருக்கே என்று திறந்து ஆளை இறக்கினார்கள். காற்றோட்டத்துக்குச் செய்யவேண்டிய செலவில் அலட்சியம் வந்தது. வலை துருப்பிடித்தாலும் கிழிந்தாலும் மாற்ற ஆளில்லை. வெளிச்சம் ரொம்ப மங்கல். எடைக்குக் கூலி வாங்கும் தொழிலாளி என்ன செய்வான்? வலையைக் கழற்றி வைத்துவிட்டு வெட்டினான். பலமான காற்று வீசினால் சுடர் வலையைத் தாண்டும் என்பது டேவிக்கே தெரியும், அதற்குத் தகரத் தடுப்பும் சொல்லியிருந்தார். அந்த எச்சரிக்கை விளக்கோடு சேர்ந்து எல்லாச் சுரங்கத்துக்கும் இறங்கவில்லை.

விளக்கில் பிழை இல்லை. சொன்ன நிபந்தனையில் அது சொன்னபடி வேலை செய்தது. ஆனால் குறைந்த ஆபத்து என்ற லாபம் தொழிலாளிக்குப் போய்ச் சேராமல், அதிக நிலக்கரி என்ற லாபமாக மாறி முதலாளிக்குப் போயிற்று. இதைத் தடுக்க விளக்கால் முடியாது, சட்டமும் மேற்பார்வையும்தான் வேண்டும். அரசாங்க ஆய்வாளர்களைச் சுரங்கத்துக்கு அனுப்பும் சட்டம் 1850-இல்தான் வந்தது. விளக்கு ஐந்து மாதத்தில் வந்துவிட்டது. அதைக் கண்காணிக்கும் ஆள் வர முப்பத்து நாலு வருடம்!

செம்புக் கப்பல்

இன்னொரு சம்பவம். கப்பலின் அடிப்பாகத்தில் போர்த்தியிருக்கும் செம்புத் தகடு கடல்நீரில் அரிக்கிறது, வழி சொல்லுங்கள் என்று கடற்படை 1823-இல் கேட்டது. செம்போடு துத்தநாகம் அல்லது இரும்புத் துண்டை இணைத்தால் அந்தத் துண்டு அரிபடும், செம்பு தப்பிக்கும் என்று டேவி கண்டார். நம்ம பாடத்தில் வரும் கேத்தோடிக் புரொடெக்‌ஷன் இதுதான்! கப்பல்களில் பொருத்தினார்கள். அரிப்பு நின்றது. ஆனால் பாசியும், ஒட்டிக்கொள்ளும் சிறு சிப்பி இனங்களும் அடியில் அப்பிக்கொண்டு கப்பல் நகரவே சிரமப்பட்டது. செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்ததால்தான் அவை அதுவரை அண்டாமல் இருந்தன. கெடுதல் என்று நினைத்த அரிப்புக்குள் ஒரு நன்மை ஒளிந்திருந்தது. 1825-இல் கடற்படை திட்டத்தைக் கைவிட்டது. பத்திரிகைகள் கேலி செய்தன. டேவி மிகவும் மனம் உடைந்தார்.

அதே தத்துவம் சுமார் நூறு ஆண்டு கழித்து மண்ணுக்குள் போகும் குழாய்களுக்குக் காப்பாக வந்தது. இன்று எண்ணெய்க் குழாய்களும் துறைமுகத் தூண்களும் அதை நம்பி நிற்கின்றன. அறிவு அதேதான், பயன்படுத்தும் இடம்தான் மாறியது.

1820 முதல் 1827 வரை ராயல் சொசைட்டியின் தலைவராக இருந்த டேவி, பக்கவாதத்தால் தளர்ந்து, 1829 மே 29-ஆம் தேதி ஜெனீவாவில் காலமானார். வயது ஐம்பதுதான். சுரங்க முதலாளிகள் கொடுத்த வெள்ளிப் பாத்திரங்கள் பிற்காலத்தில் ராயல் சொசைட்டிக்குப் போய், அவற்றை விற்ற பணத்தில் வேதியியலுக்கான டேவி பதக்கம் 1877 முதல் வழங்கப்படுகிறது.

நமக்கு என்ன?

டேவியிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது நிறைய. ஆபத்து இருக்கும் ஊருக்கே போய் விஷயத்தைக் கேட்டார். வந்த அறிவை விலை பேசவில்லை. ஆனால் அவர் வாழ்க்கை சொல்லும் இன்னொரு பாடமும் உண்டு. கருவி நம் மேஜையில் சரியாக வேலை செய்வது பாதிப் பரீட்சைதான். களைத்துப்போன ஆளின் கையில், துருப்பிடித்த பிறகு, செலவைக் குறைக்கச் சொல்லும் மேலதிகாரியின் கீழ் அது என்ன செய்கிறது என்பதுதான் மீதிப் பரீட்சை. பாலம் கட்டினாலும், மருத்துவக் கருவி செய்தாலும், கடன் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்யும் மென்பொருள் எழுதினாலும் இதே கதைதான்.

ஆகவே ஒரு யோசனை. இறுதியாண்டு ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் ஒரே ஒரு அத்தியாயம் கூடுதலாகச் சேர்க்கலாமே! இதை யார் கையாளப்போகிறார்கள், அவர்களிடம் பேசினோமா? எந்த நிபந்தனை மீறினால் இது ஆபத்து? விற்ற பிறகு கணக்குப் பார்ப்பது யார்? இந்த மூன்று கேள்விக்கு நாலு பக்கத்தில் பதில் எழுதினால் போதும். வைவாவுக்கு வரும் முன்னாள் மாணவர்கள் அந்த நாலு பக்கத்தை முதலில் புரட்டிக் கேள்வி கேட்டால், பசங்க தானாகவே எழுத ஆரம்பித்துவிடுவார்கள். நம் சங்கம் இந்த ஆண்டே துறைத் தலைவர்களிடம் இதைப் பேச வேண்டும் என்பது என் தாழ்மையான வேண்டுகோள். வைவாவுக்கு வந்து உட்கார நான் தயார்.