காந்தியடிகளும் பத்திரிகைத் தருமமும்

காந்தியடிகளை விடுதலை வீரராக அறிந்த அளவிற்குப் பத்திராதிபராக நாம் அறிந்தோமில்லை. 1869ஆம் ஆண்டு போர்பந்தரிற் பிறந்து, 1948இல் மறைந்த அப்பெரியார், பல்லாண்டுகள் எழுதுகோலைக் கைவிடாதவர்.

தென்னாபிரிக்காவில், டேர்பன் நகரில், 1903ஆம் ஆண்டு ஜூன் மாதம் 'இந்தியன் ஒப்பீனியன்' என்னும் வார இதழ் தோன்றிற்று. ஆங்கிலம், குஜராத்தி, இந்தி ஆகியவற்றோடு நம் தமிழும் அதில் இடம்பெற்றது. வழக்கறிஞராக அடிகள் ஈட்டிய பொருள் அதன் நட்டத்திற் கரைந்தது. ஒருகால் மாதந்தோறும் 75 பவுண் அவர் அனுப்ப நேர்ந்தது. 1904இல் அச்சகத்தைப் பீனிக்ஸ் பண்ணைக்கு மாற்றி, அங்கு வாழ்ந்தோரின் உழைப்பால் இதழை நடத்தலானார்.

தொடக்கத்தில் விளம்பரங்களும் ஏற்கப்பட்டன. ஆயின் எதனை ஏற்பது, எதனை விலக்குவது என்னும் சிக்கல் விரைவில் எழுந்தது. தகாத விளம்பரமாயினும், கொடுத்தவர் சமூகப் பிரமுகராயின் மறுத்தல் அரிது. விளம்பரம் தேடவும் பணம் அறவிடவும் நல்ல ஊழியர் அலைந்தனர். முகத்துதியும் உடன் புகுந்தது. பொருள் தருபவனுக்கு அஞ்சும் பேனா உண்மை எழுதாதெனக் கண்ட அடிகள், 1912இல் விளம்பரங்களை அறவே நிறுத்தினார். வாசகர் தமதென்று தாங்காத பத்திரிகை வாழவேண்டியதில்லை என்பது அவர் துணிபு.

தாயகம் திரும்பிய பின்னரும் அத்துணிபு தளரவில்லை. 1919இல் அவர் பொறுப்பேற்ற 'யங் இந்தியா', 'நவஜீவன்' என்னும் இதழ்கள் விளம்பரமின்றியே நடந்தன. ஒருகால் நாற்பதினாயிரம் பிரதிகளை எட்டிய விற்பனை, 1922இல் தம் கட்டுரைகளுக்காக அவர் ஆறாண்டுச் சிறைத்தண்டனை பெற்றபின் பெரிதும் வீழ்ந்தது. சில ஆண்டுகளில் எண்ணாயிரத்திற்கும் குறைந்தது. எனினும் விளம்பரக் கதவை அவர் திறந்தாரல்லர். 1933இல் சிறையிலிருந்தபடியே 'ஹரிஜன்' இதழையும் தொடங்குவித்தார்.

1927ஆம் ஆண்டு மாணவர் காங்கிரசின் அழைப்பையேற்று யாழ்ப்பாணத்திற்கும் வந்த அப்பெரியாரின் இவ்வழி யாவர்க்கும் எளிதன்று. நாளிதழ் நடத்தப் பெருமுதல் வேண்டும். நாம் ஏந்தியிருக்கும் இம்மலரும் வணிகப் பெருமக்களின் விளம்பரத் துணையின்றி மலர்ந்திராது. விளம்பரம் பெறுதல் குற்றமன்று. பெற்றதற்காகச் செய்தியை மறைத்தலும் திரித்தலுமே குற்றம். அச்சுத்தாளோடு இணையமும் விளம்பர வருவாயைப் பெரிதும் நம்பியிருக்கும் இந்நாளில் இவ்வேறுபாடு மங்கி வருகின்றது.

நம் பழைய மாணவருள் பத்திராதிபரும் உளர், வணிகரும் உளர், வாசகர் நாம் எல்லோரும். எழுதுபவர் அஞ்சாதிருத்தலும், பொருள் தருபவர் பேனாவை விலைபேசாதிருத்தலும், படிப்பவர் நல்ல பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குதலும் ஒருங்கே வேண்டும். இம்மூன்றனுள் ஒன்று குறையினும் பத்திரிகைத் தருமம் நிலையாது.